வெளுக்காத இடம்

"கல்யாணத்துக்கு முன்னாடி நான் அந்த வீட்டைப் பார்க்கணும்."

சாமுண்டீஸ்வரி இப்படிச் சொன்னதும், அரிசி புடைத்துக்கொண்டிருந்த பார்வதம் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டைப் பெண்ணைப் பெற்றவர்கள் போய்ப் பார்ப்பார்கள். பெரியப்பா, சித்தப்பா போய்ப் பார்ப்பார்கள். பெண் மட்டும் தாலி ஏறின பிறகுதான் அந்த வாசற்படியை மிதிக்க வேண்டும். பருத்திப்பட்டில் அவர்கள் வகையறாவில் ஒருத்தியும் இந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஒருத்தியும் பி.எஸ்ஸி. படித்ததில்லை என்பது வேறு விஷயம்.

"இன்னாடி இது, மானத்த வாங்குற? நானும் உங்கப்பாவும் போய்ப் பாத்துட்டுதான வந்தோம்?"

"நீங்க சுவத்தப் பார்த்திருப்பீங்க. நான் தரையைப் பார்க்கணும்."

அவள் வேலையே தரைதான். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு கடையில், தரையில் ஒட்டுகிற சரக்கு விற்றாள். அதில் அவளுக்குப் பிடித்தது கார்க். மருந்து பாட்டிலுக்குத் தக்கை வைப்பார்களே, அந்த மரப்பட்டையை அரைத்து, அழுத்திச் செய்த பலகை. மிதித்தால் மெத்தென்று இருக்கும். காலடி கேட்காது.

வாங்க வருகிறவர்களிடம் மனப்பாடமாக ஒப்பிப்பாள். வாளித் தண்ணீரைக் கொட்டிக் கழுவாதீங்க சார், உப்பிக்கும். துணியை நல்லாப் பிழிஞ்சு துடைங்க. கட்டில் காலுக்கு அடியில கம்பளித் துண்டு வைங்க, இல்லேன்னா பள்ளம் விழும். மேற்கு ஜன்னலுக்குத் திரை போடுங்க, வெயில் பட்டா வெளுத்துப்போகும்.

பெண் பார்க்க வந்த அன்று ஜானகிராமன், அவள் நீட்டிய காபியை வாங்கிக்கொண்டே சொன்னான். மாடி அறையில் அவளுக்காகவே கார்க் தரை போட்டிருக்கிறானாம். இன்னும் யாரும் கால் வைக்கவில்லையாம்.

அந்த ஒரு வார்த்தையில் அவள் விழுந்துவிட்டாள்.

போதாததற்கு அவன் அம்மா பொன்னம்மாள், நகை வேண்டாம், பாத்திரம் வேண்டாம், படிச்ச பொண்ணு வந்தா போதும் என்று சபையில் சொன்னாள். தன் படிப்புக்கு இத்தனை மதிப்பா என்று கடையில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள் சாமுண்டி.

ஞாயிற்றுக்கிழமை அவள் பாட்டுக்குக் கிளம்பினாள். பார்வதம் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள்.

கொரட்டூரில் கதவைத் திறந்த பொன்னம்மாளுக்கு முகம் ஒரு நிமிஷம் செத்துப்போய், பிறகு சிரித்தது.

"வா கண்ணு, உன் ஊடுதானே. அவன் வெளிய போயிருக்கான். நான் காப்பி போடுறேன், மேல போய்ப் பாரு."

மாடி அறை காலியாக இருந்தது. புது மெருகின் வாசனை. சாமுண்டி குனிந்து, பலகைகள் சேரும் இடத்தை நகத்தால் தடவினாள். ஒரு நூல் இடைவெளி கிடையாது. நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறார்கள். மனசு குளிர்ந்துபோய் மேற்கு ஜன்னலை விரியத் திறந்தாள்.

வெளிச்சம் விழுந்தது.

தரை முழுக்கப் பால் அதிகமான டீ நிறத்தில் வெளுத்துக் கிடந்தது. நடுவில் மட்டும், வெயில் படாமல், பழைய நிறத்திலேயே நீள்சதுரமாக ஓர் இடம். நான்கு மூலையிலும் பள்ளம்.

கட்டில் கிடந்த இடம். இரண்டு பேர் படுக்கிற கட்டில்.

மெருகுதான் புதுசு. தரை புதுசில்லை.

தனி ஆள் பெரிய கட்டில் வாங்கக்கூடாதா என்ன, என்று அவளே அவனுக்காக வாதாடிப் பார்த்தாள்.

அப்போதுதான், கூடவே மாடியேறி வந்திருந்த பார்வதம் தரையில் உட்கார்ந்தாள்.

முழங்கால் மடங்காதவள். பந்தியில்கூடத் தனியாக மேசை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவள். சுவரைப் பிடித்து, பல்லைக் கடித்து, கட்டில் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் போய்த் தொப்பென்று உட்கார்ந்து, புடவையைச் சுற்றிலும் பரப்பிக்கொண்டாள்.

"எந்திரிம்மா."

"முட்டி வலிக்குதுடி. செத்த இருக்கேன்."

"முட்டி வலிக்கிறவ தரையிலயா உட்காருவா?"

பார்வதம் புடவையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள். சாமுண்டி குனிந்து அந்த ஓரத்தைத் தூக்கினாள்.

சின்னதாகப் பள்ளங்கள், நெருக்கி நெருக்கி. நடுவே, தலையணை அளவுக்கு வெளுக்காமல் ஓர் இடம்.

கால் வைத்த தொட்டில்.

அம்மா தேடவே இல்லை. கண்ணைக்கூடத் தாழ்த்தாமல், நேராகப் போய் அதன் மேல் உட்கார்ந்தாள். அப்பாவோடு வீடு பார்க்க வந்த அன்றைக்குத் தொட்டில் இங்கேயேதான் நின்றிருக்க வேண்டும்.

பார்வதம் மாடிப்படிப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மொத பொண்டாட்டிய அத்துவிட்டாச்சு சாமு. கொழந்த அதோட அம்மாகிட்ட கீது, இங்க வராது. அதுக்குத்தாண்டி அவங்க ஒண்ணுமே கேக்கல."

சாமுண்டி புடவையைக் கையிலிருந்து விட்டாள்.

படியிறங்கும்போது பொன்னம்மாள் டம்ளரோடு எதிரே வந்தாள். "காப்பி குடிக்காம போறியே கண்ணு."

சாமுண்டி ஒதுங்கி வழிவிட்டு, வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள்.

மாடியிலிருந்து குரல் வந்தது.

"சாமு, ஒரு கை குடுடி. எந்திரிக்க முடியல."

எத்தனையோ கல்யாண வீட்டில், கோயிலில், ஆஸ்பத்திரியில் அந்தக் குரலுக்கு ஓடியவள்தான்.

செருப்பு வார் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு, தெருவில் இறங்கி நடந்தாள்.