இழுப்பு

"ஏளா, வீட்டுக்குள்ள வச்சு ஸ்டார்ட் பண்ணிராத! அந்தப் புகை ஆளைக் கொன்னுரும்!"

செல்போனில் கணவன் ஜெஸ்டின் கத்தினான். டெல்பின் புது ஜெனரேட்டரைப் பின்வாசல் வழியாக இழுத்துக்கொண்டுபோய், தகரக் கூரைக்கு அடியில் நனையாத இடமாகப் பார்த்து நிறுத்தினாள்.

"புகைக்குழாய் எந்தப் பக்கம் பாத்து இருக்கு?"

"மதில் பக்கம்."

"சரி. ஜன்னலை எல்லாம் சாத்து. பாப்பா எப்படி இருக்கா?"

"இழுப்பு கூடிக்கிட்டே போகுது. சீக்கிரம் சொல்லுங்க."

தூத்துக்குடி முழுக்கக் காலையிலேயே போன கரண்ட், இருட்டிய பிறகும் வரவில்லை. ஆறு வயது ஜெமிமாவுக்கு மழை வந்தால் மூச்சு வாங்கும். நெபுலைசர் வைத்தால்தான் அடங்கும். போன மழையில் அவளைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் அலைந்ததை டெல்பின் மறக்கவில்லை. அதனால்தான் இந்த ஜெனரேட்டர். நேற்றுத்தான் பெட்டியோடு வந்து இறங்கியது. மாட்டித்தர வேண்டிய மெக்கானிக்கால் தெருத் தண்ணீரைத் தாண்டி வர முடியவில்லை.

"கிறிஸ்துமஸுக்கு வந்து நானே மாட்டித் தாரேன்னு சொன்னீங்க," என்றாள்.

சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் ஜெஸ்டின் வீட்டை விட்டுப் போய்ப் பத்து மாதம் ஆகிறது.

"இன்ஜின் ஆயில் ஊத்துனியா?"

"ஆயில், பெட்ரோல் ரெண்டும் ஊத்தியாச்சு."

"பெட்ரோல் வால்வைத் திற. சுவிட்சை ஆன் பண்ணு. சோக்கைப் போட்டுட்டு கயித்தைச் சட்டுன்னு இழு."

இழுத்தாள். லேசாக உறுமிவிட்டு அடங்கியது. மறுபடியும் இழுத்தாள். இந்தத் தடவை உறுமல்கூட இல்லை. உள்ளே குழந்தையின் மூச்சு விசில் மாதிரி கேட்டது.

"என்னால முடியலங்க." டெல்பினுக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்க மட்டும் பக்கத்துல இருந்தா..."

போனில் அவன் பக்கமும் காற்று இரைந்தது.

"இருக்கேன்னு நெனச்சுக்க டெல்பி. காலை நல்லா ஊணி நில்லு. இப்ப இழு."

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ஜெனரேட்டர் படபடவென்று ஓட ஆரம்பித்தது.

"வீட்டு பிளக்குல சொருவிராத. தனி ஒயர் போட்டு நேரா நெபுலைசருக்குக் குடு."

மருந்துப் புகை முகமூடிக்குள் பரவியது. ஜெமிமாவின் இழுப்பு மெல்ல மெல்லத் தணிந்தது. அம்மாவின் மடியிலேயே தூங்கிப்போனாள்.

"அடங்கிருச்சுங்க. தூங்கிட்டா."

"மாதாவே..." என்று அவன் மூச்சு விட்டான்.

"இப்ப எந்தக் கடல்ல இருக்கீங்க?"

"அங்கன மழை விட்டுட்டா?"

"விட்டிருச்சு. காத்துதான் ஓயல."

"அப்ப அந்த ஒயர்ல பெரிய பல்பா ஒண்ணு மாட்டி மொட்டை மாடிக்குக் கொண்டு போ."

"இப்ப அது எதுக்கு?"

"சொல்லுதேன்ல, போளா."

குழந்தையைக் கிடத்திவிட்டு மாடிக்குப் போனாள். ஊரே இருட்டிக் கிடந்தது. துறைமுகத்துக்குள் நுழைய முடியாத கப்பல்களின் விளக்குகள் மட்டும் தூரத்தில் வரிசையாகத் தெரிந்தன. அவள் பல்பை எரியவிட்டுக் கைப்பிடிச் சுவர் மேல் தூக்கிப் பிடித்தாள்.

"போட்டாச்சு. கேக்குதா?"



"தெரியுது டெல்பி," என்றான். "காத்து அடங்கலன்னு கப்பலை விடியக்காலம் நேரா கொச்சிக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாவ, இறங்க முடியாது, அதான் முதல்லயே சொல்லல. இடது ஓரத்துல நிக்கிற கப்பலைப் பாரு, விளக்கை அணைச்சு அணைச்சுப் போடுதேன்."