சேதாரம்

கேக் பெட்டியைத் திறந்ததுமே அவள் முகம் சுண்டிப்போயிற்று. பாதித் துண்டு எதுவும் அதில் இல்லை.

எதிரே ஒன்றும் அறியாத பிள்ளை போல பம்ப் நின்றிருந்தான். ஆய்வகத்து வெற்றிடப் பம்புகளைப் பழுதுபார்ப்பவன் என்பதால் அந்தப் பெயர். ஆறடி ஆள். அவளுடைய அப்பாவைக் கண்டால் மட்டும் கைகால் உதறும்.

அப்பா அதே கட்டடத்தில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். இன்று கல்யாணப் பேச்சை எடுத்தே தீருவேன் என்று வீராப்பாகக் கிளம்புவான் பம்ப். ஸ்டோர்ஸ் வாசல் வந்ததும் பார்க்காதவன்போலக் கடந்து, நேராக அவளுடைய நிலவறை ஆய்வகத்துக்கு வந்து நிற்பான்.

ஞாயிற்றுக்கிழமை வேறொரு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். இனியும் சாக்குச் சொல்ல நாளில்லை.

அவள் வேலையே இப்படிக் கடந்துபோகிறவர்களோடுதான். அவளுடைய இயந்திரம் மெல்லிய தகட்டின் வழியே எலக்ட்ரான்களைப் பாய்ச்சும். எல்லாம் ஒரே ஆற்றலோடு உள்ளே போகும். பெரும்பாலானவை யாரிடமும் நிற்காமல், எதையும் இழக்காமல் மறுபக்கம் வந்துவிடும். அவற்றால் காலணா பிரயோசனமில்லை.

இழந்து வருகிறவைதான் சேதி கொண்டுவரும். கரி அணு பிடுங்குவது ஓர் அளவு, இரும்பு அணு பிடுங்குவது வேறு அளவு. சேதாரத்தைப் பார்த்தால் வழியில் யாரைச் சந்தித்தது என்று சொல்லிவிடலாம்.

இன்று பம்ப்புக்குப் பிறந்தநாள். வாசலிலிருந்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே கீழே வா என்று ஒரு டஜன் துண்டுகளோடு பெட்டியை அவன் கையில் திணித்தவள் அவள்தான்.

வாட்ச்மேன் இரண்டு எடுப்பார், ஒன்று வாய்க்கு, ஒன்று பைக்கு. கணக்குப் பிரிவு அக்கா ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்துத் துண்டின் செர்ரியையும் கிள்ளிக்கொள்வாள். சர்க்கரை வியாதிக்கார அப்பா, அம்மாவுக்குப் பயந்து, பாதியைப் பிட்டுக்கொண்டு மீதியைத் திருப்பி வைப்பார். அவர் முழுத் துண்டு சாப்பிட்டது ஒரே ஒரு முறை, அவளுக்கு டாக்டர் பட்டம் கிடைத்த அன்று.

செர்ரி ஒன்று காணாமல் போயிருந்தது. வாட்ச்மேனின் இரண்டும் போயிருந்தன. அப்பா திருப்பி வைக்கும் பாதியைத்தான் காணோம்.

இவனும் அந்த உதவாக்கரை எலக்ட்ரான்தான் என்று நினைத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூடியைப் படாரென்று சாத்தினாள்.

பிறகு, தொழில் புத்தி விடவில்லை. மறுபடி திறந்து எண்ணினாள்.

அப்பாவிடம் போகாமல் வந்திருந்தால் ஒன்பது இருக்க வேண்டும். எட்டுதான் இருந்தது.

"இந்த ஒண்ணு எங்க? நீ தின்னியா?"

பம்ப் இல்லையென்று தலையசைத்தான். இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு அவன் முகமெல்லாம் வழிந்தது.

"உங்கப்பா இன்னைக்குப் பாதியைத் திருப்பி வைக்கல. 'அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க'ன்னார்."