செடிக்காரர் வேலை

"இந்த எலுமிச்சை பட்டுப்போச்சுன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்குவேன், செடிக்காரரே. இப்பவே சொல்லிட்டேன்."

ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்தபடி வீட்டம்மா நிதானமாகத்தான் சொன்னார். அந்த நிதானம்தான் செடிக்காரரைப் பயமுறுத்தியது. கத்துகிற முதலாளி பொழுது சாய்வதற்குள் ஆறிவிடுவார். நிதானமாகச் சொல்கிறவர் சொன்னபடி செய்துவிடுவார்.

இந்த வேலை போனால் அவர் பட்டினி கிடக்கப் போவதில்லை. ஆனால் காலையில் குளித்து, தலைவாரி, இந்த வீட்டு வாசல் மணியை அடிப்பதற்கு ஒரு காரணம் இருக்காது. தினமும் வீட்டம்மாவின் மகள்தான் வந்து கதவைத் திறப்பாள். அவரைக் கூடத்தில் விட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். அதன் பிறகு உச்சிவெயில் வரை கூடமும் தொட்டிகளும் வீட்டம்மாவும்தான்.

எலுமிச்சையின் காம்பெல்லாம் மாவுப்பூச்சி, மெத்தை கிழிந்து பஞ்சு பறந்த மாதிரி. மருந்தடிக்க வீட்டம்மா விடமாட்டார். நாலு சுவருக்குள் அடித்தால் பூச்சிக்கு முன்னால் நமக்கல்லவா மூச்சு முட்டும் என்பது அவர் கட்சி. எனவே தொட்டியைச் சுற்றிப் புதினா, செண்டுமல்லி, பூக்கவிட்ட கொத்தமல்லி என்று ஒரு படையையே நிறுத்தியிருந்தார் செடிக்காரர். வாசனைக்குச் சில பூச்சிகள் விலகிப் போயின. மாவுப்பூச்சி மட்டும் வாடகை தராத குடித்தனக்காரனைப் போல நகர மறுத்தது.

கடைசியில் அதைத் தின்னும் பொறிவண்டையே வாங்கி வந்தார். வாங்கிய அழகைக் கேட்க வேண்டும். பறந்துபோனால் மாற்றித் தருவாயா, டப்பாவுக்குள் தூங்குவது எத்தனை, செத்தது எத்தனை என்று வண்டு வளர்க்கும் பெண்ணைக் குடைந்தெடுத்துவிட்டு, கொசுறும் கேட்டார். வண்டுக்குக் கொசுறு கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்று அவள் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் போட்டாள். போடும்போது, முட்டை பொரித்ததும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு என்று ஏதோ சொன்னாள். கொசுறின் மேலேயே கண்ணாக இருந்தவர் காதில் அது ஏறவில்லை.

வண்டுகள் வந்து சில வாரமாகிவிட்டது. இப்போது பார்த்தால், பழைய பூச்சிகளுக்கு நடுவே சடை சடையாக, இன்னும் பெரிய வெள்ளைப் புழுக்கள். மாவுப்பூச்சிகள்தான் தின்று கொழுத்துவிட்டன என்று முடிவுகட்டி, காலையிலிருந்து தூரிகையால் அவற்றைத் தட்டிச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். வேலை பறிபோகும் என்று வீட்டம்மா சொன்னபிறகு தூரிகை இன்னும் வேகமாக ஓடியது.

வீட்டம்மா எழுந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இது ஓடுது, பாருங்க. மாவுப்பூச்சி இந்த ஓட்டம் ஓடுமா? இது வண்டோட பிள்ளை. அதே மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு அதையே தின்னும். காவலுக்கு வந்தவனைத் திருடன்னு நினைச்சு அடிச்சிருக்கீங்களே."

செடிக்காரர் கிண்ணத்தைப் பார்த்தார். பாதிக் காவல்படை அதில் மிதந்தது.

"நெசமாவே நீங்க செடிக்காரர்தானா?"

செடிக்காரர் தூரிகையைக் கீழே வைத்தார்.

"புதுசும்மா. கத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"இந்த வயசுலயா? வேற வேலை கிடைக்கலையாக்கும்."

"இந்த வீட்டுல வேற வேலைக்கு என்னைச் சேர்த்துக்க மாட்டேங்கறாங்களேம்மா."

வீட்டம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகும் மணிக்கட்டிலிருந்த கையை எடுக்க மறந்திருந்தார். செடிக்காரர் அசையாமல் நின்றார்.

பிறகு அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, எது பூச்சி, எது பிள்ளை என்று ஒவ்வொரு இலையாகத் திருப்பிக் காட்டினார் வீட்டம்மா. எது மறந்தாலும் அந்தக் கண்ணுக்கும் விரலுக்கும் இன்றைக்கும் ஒரு பிசகு கிடையாது. காட்டிக்கொண்டே, வழக்கம்போல வீட்டுக்காரரின் பேச்சை எடுத்தார். செடி விஷயத்தில் அவர் சுத்த சூனியமாம். வாடிய ரோஜாவுக்கு வெந்நீர் ஊற்றியவராம்.

"ஆனா நான் ரெண்டு நாள் வெளியே போனா ஒரு தொட்டியும் காயாது. எது செடி, எது களைன்னு தெரியாம எல்லாத்துக்கும் ஊத்திவைப்பார்."

"நல்ல மனுஷராத்தான் இருக்கணும்."

"தங்கம். கடையிலிருந்து வர்ற நேரம்தான். இன்னும் காணோம்."

"வந்துடுவாரும்மா," என்றார் செடிக்காரர். குனிந்து தொட்டி மண்ணைக் கிளறினார். கிளற வேண்டிய அவசியம் அந்த மண்ணுக்கு இல்லை.

வெயில் ஜன்னலை விட்டு ஏறியதும் எழுந்துகொண்டார். கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி, கேட்கவும் முடியாமல், கேட்காமல் போகவும் முடியாமல் நின்றார்.

"என்ன முழிக்கறீங்க? நாளைக்கும் வாங்க. மிச்சமிருக்கிற பிள்ளைங்களையாவது வளர்த்து ஆளாக்கணுமே."

செடிக்காரர் கும்பிட்டுவிட்டு வாசல் வழியாக வெளியே வந்தார். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், அடுக்களைக் கதவை மெல்லத் தட்டினார்.

கதவைத் திறந்த மகள், கூடத்துக்குக் கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்பா, அம்மா உங்களை நாளைக்கும் வரச் சொன்னாங்களா?"