முதலில் இடது கண்

கண் மருத்துவமனையின் இருட்டறையில், மரிய ஜோசப் பார்வைப் பரப்பைச் சோதிக்கும் மிஷினில் முகவாயைப் பதித்துக்கொண்டார்.

"வெளிச்சப் புள்ளி தெரிஞ்சா பட்டனை அமுக்குங்க ஐயா. மொதல்ல எடது கண்ணு," என்றாள் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த சிந்தியா.

"எப்பவும் வலதுதானம்மா மொதல்ல?"

"போன ரெண்டு ரிப்போர்ட்லயும் எடதுல மட்டும் கறுப்பு விழுந்திருக்குங்களே?"

"அது அசதிம்மா. ஒரு கண்ணுக்கே ஏழெட்டு நிமிஷம் ஆவுது. ரெண்டாவது கண்ணு வர்றப்ப யாருக்கா இருந்தாலும் சொருகும். பாரு, ரிப்போர்ட்லயே அசதின்னு எழுதியிருக்கு."

"அசதிதானான்னு இன்னிக்குப் பாத்துடலாங்க."

இரண்டு கண்ணுக்கும் சோதனை முடிந்தது. களைத்த பிறகு பார்த்த வலது கண்ணில் ஒரு குறையும் இல்லை. தெளிவாக இருக்கும்போதே பார்த்த இடது கண்ணில் பாதி கறுப்பு.

"இது அசதி இல்லீங்க, கண் நரம்பு போயிருக்கு. அப்பவே சொட்டு மருந்து போட்டிருந்தா நிறுத்தியிருக்கலாம். இனிமே போனது வராது." சிந்தியாவுக்குக் கோபம் வந்தது. "அசதின்னு எழுதுன புண்ணியவான் யாருங்க?"

"நான்தாம்மா."

அவள் பழைய ரிப்போர்ட்டில் கையெழுத்தைத் தேடினாள்.

"போன வருஷம் ரிட்டையர் ஆவுற வரைக்கும் இந்த மிஷின்ல டெஸ்ட் எடுத்தது நான்தான். இருபத்திரெண்டு வருஷம்." அவர் சுவரோரத்து ஃபைல் அலமாரியையே பார்த்தார். "சிதம்பரத்துல ஆட்டோ ஓட்டுன சுப்பராயலு, 'அசதி இல்லீங்க சார், எடது கண்ணு நெஜமாவே தெரியல'ன்னு கெஞ்சுனாரு. நான் சிரிச்சிக்கிட்டே அசதின்னு எழுதுனேம்மா."