சுற்று வழி

“நாப்பது அடி! எண்ணி நாப்பது அடி! அதுக்கு நாலு கிலோமீட்டர் சுத்தணும்னா எந்த ஊர் நியாயம் இது?”

ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்ததுமே மனைவி ஆரம்பித்துவிட்டாள். தினமும் காலையில் பாடுகிற பாட்டுதான்.

அவள் சொல்வதிலும் தப்பில்லை. அவள் வேலை பார்க்கும் தையற்கடை வீட்டுக்கு நேர் பின்னால். சமையலறையில் நின்றால் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். நடுவில் ஒரே ஒரு மதில். ஊர் வளர வளர, மனை போட்டு விற்றவர்கள் ஆளாளுக்குத் தங்கள் தெருவை ஒரு மதிலோடு முடித்துக்கொண்டார்கள். எங்கே திரும்பினாலும் முட்டுச்சந்து. மெயின் ரோட்டுக்குப் போய், சிக்னலில் காய்ந்து, ஒரு பெரிய வட்டம் அடித்தால்தான் கடை வாசல்.

“நகராட்சியில மேப் போடுறவர்னுதான் பேரு. பொண்டாட்டிக்கு ஒரு சந்து திறந்துவிடத் துப்பில்ல!”

“திறந்துட்டா நீ பாட்டுக்கு நடந்தே போயிடுவ. அப்புறம் நான் எதுக்கு?” என்று சிரித்தான் கணவன்.

“ரொம்பத்தான்!” என்று அவன் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

அதற்குப் பிறகு பெரியவனின் கணக்கு மார்க், மாமனாரின் புதுக் கோபம், கடை முதலாளியம்மாவின் குறட்டை எல்லாம் பேசி முடித்தார்கள். ஆறு பேர் இருக்கிற வீட்டில், டிவி அலறலுக்கு நடுவில், இதெல்லாம் எங்கே பேச முடிகிறது?

சிக்னலில் வண்டி நின்றது.

“நேத்து மதிலை இடிக்க உத்தரவே போட இருந்தாங்க. கடைசி நேரத்துல, வேண்டாம்னு ஒரு லெட்டர் வந்துடுச்சு.”

“எவன் அவன்? நாசமாப் போக!” பொரிந்து தள்ளினாள்.

“தெரியல. கீழ பேர் போடல. மொட்டைக் கடுதாசி செல்லாதுன்னுட்டாரு எங்க அதிகாரி.”

“கிழிச்சுப் போட்டுட்டாங்களா?” அவசரமாகக் கேட்டாள்.

“என்கிட்டதான் குடுத்தாரு. படிச்சுப் பாத்தேன். ‘வழி’ன்னு வர்ற இடத்துல எல்லாம் ‘வலி’ன்னு இருந்துச்சு. ‘எங்களுக்குப் புது வலி வேண்டாம்’னு.”

அவன் தோளைப் பிடித்திருந்த கையை அவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய கடிதங்களிலிருந்தே அவளுக்கும் ழகரத்துக்கும் ஆகாது.

“அப்புறம்... என்ன பண்ணீங்க?” குரல் உள்ளே போயிருந்தது.

“என்ன பண்றது? எல்லா எழுத்தையும் திருத்தி, கீழ என் பேரைப் போட்டுக் குடுத்துட்டேன்.”