களைப்பில்லை என்று ஒரு கையெழுத்து

படிவத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது.

'நான் களைப்பாக இல்லை. பணியைத் தொடரும் நிலையில் இருக்கிறேன்.'

அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டின் மேல் அவன் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த மாதத்தில் ஐந்து முறை போட்டுவிட்டான். ஒருமுறைகூட வாசித்ததில்லை. இன்று வாசித்தான். எழுத்துகள் லேசாக ஆடின.

மதியம் இரண்டு மணி. முந்தைய இரவு பத்து மணிக்கு அணுமின் நிலையத்துக்குள் வந்தவன். காலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். மாற்றாளின் மாமனார் இறந்துவிட்டார். அப்படியே இருந்துவிட்டான். இப்போது வரவேண்டிய ஆளுக்குக் காய்ச்சல்.

கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் தொடர்ந்து பதினாறு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அது விதி. அதையும் தாண்ட வேண்டுமென்றால் இந்தப் படிவம்.

"ஆறு மணி வரைக்கும்தாம்ப்பா. பம்ப் சோதனை இன்னைக்கு முடிஞ்சாகணும். போட்டுக் குடுத்துரு."

ஷிஃப்ட் இன்சார்ஜ் பொன்னுலிங்கம் பேனாவை நீட்டியபடி நின்றார். நல்ல மனிதர். காலையில் தன் இட்லியில் பாதியை இவனுக்கு எடுத்து வைத்தவர்.

பேனாவை வாங்கிக்கொண்டான்.

முனை தாளைத் தொட்டது. அங்கேயே நின்றது.

காலை பதினொன்றரை மணிக்கு நடந்தது அவனுக்கு மட்டும்தான் தெரியும். பதிவேட்டில் மூன்றாம் தொட்டியின் நீர்மட்டத்தை நான்காம் தொட்டியின் கட்டத்தில் எழுதியிருந்தான். நாற்பது நிமிடம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. இரண்டு தொட்டியிலும் தண்ணீர் சரியாகவே இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. அடித்துத் திருத்தி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டான். யாரும் கேட்கவில்லை.

தப்பு அவனைப் பயமுறுத்தவில்லை. எல்லாருக்கும் வருவதுதான்.

எழுதிய நினைவே இல்லை என்பதுதான் பயமாக இருந்தது.

அவன் கையெழுத்துத்தான். அவன் பேனாதான். கண்ணும் திறந்துதான் இருந்திருக்கும். ஆனால் அந்த நேரத்தில் அந்த நாற்காலியில் அவன் இல்லை.

பேனாவை மேசையில் வைத்தான்.

"முடியாது சார்."

"என்னப்பா சொல்லுத?"

"களைப்பா இருக்கு சார்."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இரண்டு பேரும் திரும்பவில்லை. ஆனால் ஒரு நாற்காலியின் கிரீச்சொலி நின்றது. ஆறு வருடங்களில் அந்த அறையில் முதுகுவலி என்று சொல்லிக் கேட்டிருக்கிறான். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டிருக்கிறான். இந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை.

பதிவேட்டைத் திறந்து அடித்து எழுதிய இடத்தைக் காட்டினான். எழுதியது நினைவில் இல்லை என்றும் சொன்னான்.

பொன்னுலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு எண்ணைப் பார்ப்பதற்கு அவ்வளவு நேரம் ஆகாது.

"இத நான் எழுதி மேல அனுப்பணும். தெரியும்லா?"

"தெரியும் சார்."

அவர் தொலைபேசியை எடுத்தார். சோதனையை நாளைக்குத் தள்ள வேண்டும் என்றார். சோதனை இல்லையென்றால் மீதி இரண்டு பேரே போதும் என்றார். மறுமுனையின் சத்தம் இவன் வரைக்கும் கேட்டது. அவர் ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"ஆள் இல்ல சார். இருக்க ஆளும் நிக்க முடியாம நிக்கான்."

வைத்துவிட்டு, கையெழுத்தில்லாத படிவத்தை இரண்டாக மடித்தார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"போ. போய்த் தூங்கு."

கோபமா என்று தெரியவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

வெளியே வெயில் முகத்தில் அறைந்தது. ஷிஃப்ட் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஏறினான். முப்பது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் அதற்குள் தூங்கியிருந்தார்கள். வாய் திறந்து, தலை சாய்ந்து, ஒருவர் தோளில் ஒருவர்.

ஐந்தாவது வரிசையில் ஒரு ஜன்னல் இருக்கை காலியாக இருந்தது. நிழல் பக்கம். திரைச்சீலையும் இழுத்துவிடப்பட்டிருந்தது.

கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் போயின.

டிரைவர் அருளப்பன் பாட்டிலிலிருந்து தண்ணீரைக் கையில் ஊற்றிக் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தார். ஒப்பந்தக்காரரின் வண்டி. ஈரத் துண்டைத் தலையில் போட்டிருந்தார். கண்ணாடியில் தெரிந்த கண்கள் சிவந்திருந்தன.

அவன் நின்றான்.

"எப்ப வண்டியில ஏறுனீங்க அண்ணாச்சி?"

"நேத்து மத்தியானம் தம்பி. மாத்து டிரைவர் லீவு." சிரிக்கப் பார்த்தார். கொட்டாவிதான் வந்தது. "பழகிப்போச்சு."

ஊருக்கு முப்பது கிலோமீட்டர். கடலோரச் சாலை. ஒரு வளைவுகூட இல்லாமல் நேராகப் போகும். இரண்டு பக்கமும் காற்றாலைகள் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

பின்னால் திரும்பிப் பார்த்தான். தலைகள். தோள்கள். யாரோ சன்னமாகக் குறட்டை விட்டார்கள்.

அந்த ஜன்னல் இருக்கை இன்னும் காலியாகத்தான் இருந்தது.

பையை அதில் போட்டான். முன்னால் வந்து, டிரைவருக்குப் பக்கத்தில், என்ஜின் மூடியின் மேல் உட்கார்ந்தான். சூடு பேண்ட்டைத் தாண்டி ஏறியது. நல்லதுதான், தூங்க விடாது என்று நினைத்தான்.

பஸ் கேட்டைக் கடந்தது.

கண்களை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்று கேட்டான்.