ஒன்று முதல் நான்கு வரை

புனேயில் மதியம் ஒன்று முதல் நான்கு வரை கடைக்காரர்கள் தூங்குவார்கள். கடவுளே வாடிக்கையாளராக வந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். அது தெரிந்தும் லாரி டிரைவர் நாம்தேவ், உதிரிபாகக் கடையின் பாதி இறக்கிய ஷட்டரைத் தட்டினான்.

ஒரு பெண் குனிந்து வெளியே வந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வஹினி," என்று அண்ணி முறை வைத்து அழைத்தான், "அவசரமா ஒரு ஃபேன் பெல்ட் வேணும். ரெண்டு நாளா ஒரே ஓட்டம். திராட்சை லோடு, இன்னிக்கு மும்பை சேரணும்."

"அலமாரிச் சாவி வீட்டுக்காரர் இடுப்புல இருக்கு. தூங்குறார். நாலு மணிக்குத்தான் எழுப்புவேன்."

"அவர் என்ன மகாராஜாவா? என் சரக்கு அழுகிடும்!"

"கத்தாதீங்க பாவூ. பாதியில எழுந்தா பெல்ட்டே இல்லேன்னுடுவார். அந்த பெஞ்சுல உட்காருங்க."

முனகிக்கொண்டே உட்கார்ந்தவன் அடுத்த நிமிடமே சாய்ந்துவிட்டான்.

நான்கு மணிக்கு அவளே அவனை எழுப்பி, டீயோடு பெல்ட்டையும் நீட்டினாள்.

"மகாராஜா எழுந்தாச்சா?" என்றான் கிண்டலாக.

"அவர் போய் மூணு வருஷமாச்சு. அவரும் லாரிதான் ஓட்டினார். கண்டாலா மலை இறக்கத்துல, ஸ்டியரிங்கைப் பிடிச்சபடியே கண்ணசந்துட்டார்."

நாம்தேவ் உள்ளே எட்டிப் பார்த்தான். சாவி அலமாரியிலேயே தொங்கியது.

"உங்களை மாதிரி கண்ணு சிவந்து யாராவது வந்தா மட்டும், அவர் உள்ளே தூங்குவார்" என்றாள்.